பின்பக்கத்து சீல்

பழைய ஜீப்பில் எண்ணெய் கசிவது நமக்குச் சளி பிடிப்பது மாதிரி. பயப்பட ஒன்றுமில்லை. ஆயுளெல்லாம் வண்டி வேலை பார்த்து ஓய்வு பெற்று, வானவடியில் குடியிருப்பவன் நான். ஆகவே மாப்பிள்ளை ஹர்ஷா தன் ஜீப் அடியில் சொட்டுகிறது என்று கொண்டு வந்தபோது எனக்கு உற்சாகமாகவே இருந்தது.

கசிந்தது டிரான்ஸ்ஃபர் கேஸ். விசையை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்தனுப்பும் பெட்டி அது. விசை வெளியேறும் இரண்டு வாயிலிலும் ரப்பர் சீல் உண்டு. முன்பக்கத்தை அழகாக மாற்றினேன். பின்பக்கத்துக்கு நகர்ந்தபோது வீட்டுக்குள்ளிருந்து என் மகள் வைஷுவின் சிரிப்புக் கேட்டது. என் மனைவி விசாலத்தோடு அடை வார்த்துக்கொண்டிருந்தாள். இருப்பது இதே ஊரில், ஔந்தில்தான். ஆனாலும் கல்யாணத்துக்குப் பிறகு பண்டிகைக்குத்தான் எட்டிப் பார்ப்பாள்.

சீலின் உதட்டைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். உதட்டைத் தண்டோடு இறுக்கிப் பிடிப்பது அதுதான். அதை உருவி எறிந்துவிட்டுச் சீலைப் பொருத்தினேன்.

அடுத்த ஞாயிறே வந்துவிட்டார்கள்.

"மாமா, ஃபிர்ஸே, மறுபடியும் லீக் ஆறது" என்றான் ஹர்ஷா.

"பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும். வாராவாரம் கொண்டு வா, நான் ஆயில் ஊத்தித் தரேன்."

எத்தனை நல்ல ஞாயிறுகள்! விசாலத்தின் சாம்பார், ஹர்ஷாவின் குட்டித் தூக்கம், சீட்டாட்டத்தில் வைஷுவின் கள்ளத்தனம். இதில் யாருக்கு என்ன கெடுதல்?

மழைக்காலத்தில் ஒருநாள் வைஷு போன் செய்தாள். "அப்பா, இந்த வாரம் வரலை. போன வாரமும் வரலைன்னு கோச்சுக்காதே. தாம்ஹிணி காட் மலைப்பாதைக்குப் போறோம். ஹர்ஷா மெக்கானிக்கிட்ட வண்டியைக் காட்டிட்டுப் போலாங்கறான்."

மெக்கானிக் என்றால் பிரித்துப் பார்ப்பான்.

"அதெல்லாம் வேண்டாம்மா. ஆயில் இருக்கு. தாராளமாப் போங்கோ."

வழியில் வண்டி நின்றால் அப்பாவைத்தானே கூப்பிடுவாள் என்று நினைத்தேன்.

நின்றது, இறக்கத்து வளைவில். எண்ணெய் வற்றிப் பெட்டி இறுகி, சக்கரம் பூட்டிக்கொண்டு, ஜீப் சறுக்கிப் பாறையில் மோதியது. ஹர்ஷாவுக்குச் சிராய்ப்புதான். வைஷுவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இனிக் கைத்தடி இல்லாமல் நடப்பது சந்தேகம் என்கிறார் டாக்டர்.

இப்போது அவள் எங்கள் முன்னறையில் இருக்கிறாள். வீடு கலகலவென்று இருக்கிறது. ஹர்ஷா தினமும் வருகிறான்.

"ரெண்டு வாரம் ஆயில் ஊத்தாம விட்டது என் தப்புதான் மாமா" என்று ஒருநாள் விசும்பினான்.

அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். "போகட்டும்டா. நான் மன்னிச்சுட்டேன்."

அடுத்த வாரம் அவளை ஔந்துக்கு அழைத்துப் போகிறானாம். ஜீப்பும் தயாராகிவிட்டது. இறுகிப்போன பெட்டியைப் பிரிக்காமலே கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டிவிட்டார்களாம். கிளம்புமுன் பிரேக்கை மட்டும் நான் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறான். வேறு யாரையும் நம்ப மாட்டானாம். சரி என்று சொல்லிவிட்டேன். குழந்தைகள் கண்ணெதிரில் பத்திரமாக இருக்க வேண்டும், எனக்கு வேறென்ன ஆசை.