அட்டை கடித்த இடம்

வழவழப்பான எதையும் தொட எனக்குப் பிடிக்காது. மீன் ஆய்கிற நாட்களில் உம்மா என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவார். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு, டொக்டர். விசாரிக்க வந்திருக்கிறீர்கள், நான் ஒன்றையும் மறைக்கப் போவதில்லை.

என் ஆராய்ச்சி ஒரு கால். கணினிக்குள் இருக்கும் கால். தோல், கொழுப்பு, தசை, எலும்பு என்று அடுக்கடுக்காக நானே கட்டியது. மேலே இரண்டு மின்வாய்களை வைத்தால் மின்சாரம் எந்த வழியாகப் போகும், எந்த நரம்பு துடிக்கும் என்று சொல்லிவிடும். அது வியர்க்காது, நாறாது. ஆனால் நிஜக் காலில் சரிபார்த்தால்தான் ஆய்வை ஏற்பார்கள்.

அப்படி வந்தவர்தான் நாகமுத்து. பலாபத்வலப் பக்கம் மிளகுத் தோட்டத்தில் வேலை செய்தவர். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததில் இடது கால் மரத்துப் போயிருந்தது. மகள் ரஜனி தினமும் ஆட்டோவில் மாத்தளைக்கு, என் ஆய்வறைக்குக் கூட்டி வருவாள். பத்து நாளில் பாதம் தூக்கலாம் என்று நான்தான் நம்பிக்கை கொடுத்திருந்தேன்.

முதல் நாளே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முழங்காலுக்குக் கீழே அட்டை கடித்த புண்கள், ஐந்தாறு. உணர்ச்சியற்ற கால் அல்லவா, அட்டை ஏறிக் குடித்துவிட்டு விழுவது அவருக்கே தெரியாது. ஒன்று அப்போதும் கணுக்காலில் தொங்கிக்கொண்டிருந்தது. ரஜனி சவர்க்காரம் தேய்த்து அதை உதிர்த்துவிட்டு வெட்கத்தோடு என்னைப் பார்த்தாள்.

புண்மேல் மின்வாய் வைக்கக் கூடாது. நல்ல தோலில் பரவிப் போகிற மின்சாரம், கிழிந்த இடம் கண்டால் அத்தனையும் அங்கேயே பாயும். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் என் கணினிக் கால் காட்டிய இடம் சரியாக அந்தப் புண்கள்தான். ஓரங்குலம் தள்ளினாலும் கணக்கு வேறாகிவிடும். நனைத்த பஞ்சை வைத்து அதன்மேல் மின்வாயை அங்கேயே கட்டினேன். ஒவ்வொரு நாளும் கட்டை அவிழ்த்துத் தோலைப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்தக் கருமத்தை யார் பார்ப்பது? வீட்டிலும் அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான்காம் நாள் அறையில் வாடை. முகமூடிக்குள் இரண்டு கராம்பு வைத்துக்கொண்டேன்.

“ஸுஹைல் சேர், அப்பா காலு நாறுதுங்க. அவுத்துப் பாக்கட்டுங்களா?” என்றாள் ரஜனி.

பஞ்சு வாடைதான் என்றேன். நாகமுத்து மகளை அதட்டினார். “சேருக்குத் தெரியாததா புள்ள? வெரலு ஆடுது பாரு.” சொல்லிவிட்டு அழுதார். விரல் உண்மையிலேயே ஆடியது, என் கணக்கு சொன்ன அளவுக்கு.

ரஜனி தேத்தண்ணி வாங்கப் போனபோது அவிழ்த்துப் பார்த்தேன். பஞ்சோடு தோலும் சேர்ந்து வந்தது. உள்ளே வெந்த இறைச்சியின் நிறம். சீ என்று போய்விட்டது.

பத்தாம் நாள்தான் கண்டேன் என்று அறிக்கையில் எழுதியது பொய், டொக்டர். நான்காம் நாளே கண்டேன். அதே பஞ்சைத் திரும்ப வைத்து இறுக்கிக் கட்டினேன். விரல் ஆட வேண்டுமே, நாளுக்கு நாள் மின்சாரத்தைக் கூட்டினேன்.

அவர் காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். நேற்று ரஜனி வந்தாள். கோபமே இல்லை. அட்டை ஏறாமல் பார்த்துக்கொள்ளாதது தன் தப்பு, சேர் மன்னிக்க வேண்டும் என்று கையைப் பிடிக்க வந்தாள்.

கையைப் பின்னால் எடுத்துக்கொண்டேன். ஆனால் மன்னித்துவிட்டேன்.