சிதம்பரத்தில் நாற்பது பவுன்

— இந்தக் காசுமாலையை நல்லாப் பாருங்கம்மா. ஆசாரியே உரசிப் பார்த்தாத்தான் கவரிங்னு கண்டுபிடிப்பார்.

— உரசிப் பார்க்க யாரும் வரமாட்டாங்க தம்பி. மொத்தமாப் பார்த்தா நாப்பது பவுன் மாதிரி தெரியணும், அவ்வளவுதான். கும்பகோணத்துல வாங்கினா தெருவே பேசும்னுதான் சிதம்பரம் வரைக்கும் பஸ் ஏறி வந்திருக்கேன்.

— ஏனுங்க, கவரிங்ல தாலிக்கொடி, ஒம்பது பவுன் கனத்துல இருக்குதுங்களா?

— இருக்கும்மா, உட்காருங்க. இவங்களுக்குக் காட்டிட்டு எடுக்கறேன்.

— சம்பந்தியம்மா, நீங்களா? ஈரோட்டுல இருந்து இவ்வளவு தூரம்...

— அட, நீங்களா? நடராசரைக் கும்பிட வந்தனுங்க. நீங்க?

— நானும் சாமி கும்பிடத்தான். அப்படியே, வீட்டு வேலைக்கு வர்ற பொண்ணுக்கு ஒரு தோடு வாங்கலாம்னு.

— எனக்கும் அதேதானுங்க. தோட்டத்துல வேலை செய்யற புள்ளைக்கு.

— தோட்டத்துப் புள்ளைக்கு ஒம்பது பவுன்ல தாலிக்கொடியா?

— முன்னால பரப்பி வச்சிருக்கற ஆரமும் ஒட்டியாணமும் வேலைக்கு வர்ற பொண்ணுக்குங்களா?

— ரெண்டு பேரும் ஒரே கல்யாணத்துக்கா வாங்கறீங்க? அப்படின்னா சேர்த்து விலை போட்டுத் தர்றேன்மா.

— நீ சும்மா இரு தம்பி. சம்பந்தியம்மா, இனி மறைச்சு என்ன ஆகப்போகுது? கல்யாணத்துக்கு எட்டு நாள்கூட இல்ல. நாப்பது பவுன் போடறேன்னு உங்ககிட்ட வாக்குக் கொடுத்தேன். குண்டுமணி குண்டுமணியாச் சேர்த்தும் வச்சிருந்தேன். என் மக இலக்கியா, இதையெல்லாம் மாட்டிக்கிட்டு எவ ஆபீசுக்குப் போவான்னு அத்தனையும் வித்து, போன்ல டிஜிட்டல் தங்கமா வாங்கி வச்சுட்டா. பத்திரமா இருக்குதாம். மணவறையில போனையா கழுத்துல தொங்கவிட முடியும்? உங்க சனம் ஒண்ணு கேட்டு, கல்யாணம் நின்னுடுமோன்னுதான் இங்க வந்து நிக்கறேன்.

— அழுகாதீங்க. என்ற பையன் நவநீதன் மட்டும் என்னத்தக் கிழிச்சான்? தாலிக்கொடிக்கு வச்சிருந்த பணத்தை அபார்ட்மென்ட் வீட்டுக்கு அட்வான்சாக் கட்டிப்போட்டான். மஞ்சக் கயிறு போதுமாமுங்க, உங்க பொண்ணே சொல்லிருச்சாமுங்க. ஒம்பது பவுன்ல கொடி போடறமுன்னு நிச்சயத்தன்னைக்கு உங்க முன்னால நான் பீத்தினதை நெனச்சா, மானம் போவுதுங்க.

— அப்போ ரெண்டும் பேசி வச்சுத்தான் செஞ்சிருக்குதுங்க.

— பின்னே? நம்ம ரெண்டு பேரைத்தான் இப்படிச் சாமி பேரைச் சொல்லி அலைய விட்டிருக்குதுங்க.

— உங்களுக்கு என் மேல வருத்தம் ஏதும் இல்லையே?

— எனக்கென்னங்க வருத்தம்? புள்ளைங்க நல்லா இருந்தாச் சரி. நகையில என்னங்க இருக்குது?

— இந்த ஒரு வார்த்தை போதும் சம்பந்தியம்மா. பெத்த வயிறு குளிர்ந்து போச்சு. தம்பி, அந்த நாப்பதையும் கட்டிக் கொடுத்துடு.

— கொஞ்சம் பொறு கண்ணு, கட்டாதே. சம்பந்தியம்மா, கவரிங்தான்னு ஆயிப்போச்சு, அப்பறம் எதுக்குங்க நாப்பதோட நிறுத்தோணும்? எங்க பெரிய மருமக அம்பது பவுன் போட்டுட்டு வந்தவ. உங்க பொண்ணு அறுவதாப் போட்டுட்டு வரட்டுமுங்க.