முப்பத்தோராவது தாள்

அவையின் நடுவே அமர்ந்து எங்கள் ஆரவாரத்தைப் பொறுத்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! சோஃபியாவிலிருந்து சட்டத்தைக் கையில் சுமந்து, எங்கள் சம்மதம் கேட்டு வந்திருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே! எங்கள் ஊருக்குத் தினம் வந்த பேருந்தை வாரத்துக்கு இரண்டாகச் சுருக்கிய நகரத்தலைவர் லியுபென் அவர்களே! (சிரிக்காதீர்கள். நான் மறக்கமாட்டேன் என்று அவருக்கே தெரியும்.) பள்ளியில் பிள்ளைகள் இல்லாமல் போன பிறகும் பாடம் நடத்தும் ஆசை போகாத ஆசிரியை தெமெனுகா அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பிவிட்டுக் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் தாய்மார்களே! தாய்மார்களே, உங்களைத்தான் இரண்டு முறை அழைக்கிறேன். உங்களுக்காகத்தான் வந்தேன். உங்கள் அனைவருக்கும் சுஹிப்ரெக் ஊர் வேலிகாவின் வணக்கம்.

இளையவர்கள் நாடு விட்டு நாடு போய்த் தொண்டு செய்ய, தொழில் பழக, துயரில் தோள் கொடுக்க ஒரு சட்டம் வரப்போகிறது. அது வேண்டுமா வேண்டாமா என்று கேட்கத்தான் இந்த வாசகசாலை மண்டபத்தில் நம்மைக் கூட்டியிருக்கிறார்கள். வேண்டாம் என்று பேசுவதற்காகத்தான் என்னை அழைத்தார்கள். அழைத்தவர் அதோ, மூன்றாவது வரிசையில் தொப்பியை முழங்காலில் மாட்டி உட்கார்ந்திருக்கிறார், என் பக்கத்து வீட்டுக் கிரூம்.

"வேலிகா, உன்னை மாதிரி திட்ட இந்த மாவட்டத்துலயே ஆள் கெடையாது. வந்து நாலு வார்த்தை சொல்லிட்டுப் போ" என்றார்.

வந்துவிட்டேன் கிரூம். திட்டவும் போகிறேன். ஆனால் யாரை என்பதைக் கடைசிவரை இருந்து கேட்டுவிட்டுப் போ.

என் மகன் பெயர் ப்ளாமென். இருபத்திரண்டு வயது. இருபது ஆண்டுக்கும் முன்னால், கொத்து வேலை பழகவேண்டும் என்று ஒரு மே மாதத்தில் ஸ்பெயின் போனான். ஒப்பந்தம் உண்டா? இல்லை. காப்பீடு உண்டா? இல்லை. போன இடத்தில் "இவன் எனக்குப் பொறுப்பு" என்று சொல்ல ஒரு ஆள் உண்டா? இல்லை, இல்லை! எங்கள் ஊர்ப் பேருந்து நிழற்குடையில் நின்றுதான் கையசைத்தான். "வீட்டுக்குப் போம்மா, காத்து அடிக்குது" என்றான். அதுதான் அவன் என்னிடம் நேரில் பேசிய கடைசிப் பேச்சு.

ஜனவரியில் சாரத்திலிருந்து விழுந்தான். வேலை கொடுத்தவன் ஓடிவிட்டான். உடன் வேலை செய்தவர்கள் பயத்தில் வாய் திறக்கவில்லை. இரண்டு மாதம் பிணவறையில் என் பிள்ளை ஒரு எண்ணாகக் கிடந்தான். யாரும் வரவில்லை என்று மார்ச் மாதம் அடக்கம் செய்தார்கள். அந்த நாட்டில் மண்ணில் புதைப்பது குறைவு. சுவரில் மாடம் மாடமாய்க் கட்டி, உள்ளே வைத்து மூடிவிடுவார்கள். அவன் சட்டைப்பையில் இருந்த கிழிந்த அடையாள அட்டையை அதற்குப் பிறகுதான் யாரோ படித்தார்களாம். ஏப்ரலில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. முழுக்க அவர்கள் பாஷையில்.

அதை எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். பெயர் சொல்லமாட்டேன், அந்த அதிகாரி இப்போது உயிரோடு இல்லை. மேலே நாலு வரி படித்தார். "உங்க மகன் எறந்துட்டாரும்மா. நல்லபடியா அடக்கம் பண்ணிட்டாங்க" என்று மடித்துக் கொடுத்தார். கீழே இன்னும் ஆறு வரி இருந்தது. "அது என்னங்கய்யா?" என்று கேட்டேன். "அது வழக்கமா போடுறதும்மா" என்றார்.

வழக்கமாய்ப் போடுவது! தாய்மார்களே, அந்தச் சொல்லை நினைவில் வையுங்கள்.

போய்ப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். என் கணவர் பக்கவாதத்தில் பதினொரு ஆண்டு படுத்திருந்தார். அவர் போனபோது தூரம் போகும் தெம்பு என் கால்களிலும் போய்விட்டது. நமக்கெல்லாம் வழக்கம் என்ன? செத்தவர் படத்தோடு தாள் அச்சடித்து வாசல் கதவில் ஒட்டுவோம், நாற்பதாம் நாள் ஒட்டுவோம், ஆண்டுதோறும் ஒட்டுவோம். என் பிள்ளைக்கு ஊரில் கல்லறை இல்லை. அதனால் அவன் கடைசியாய் நின்ற நிழற்குடையில் ஒட்டினேன். ஆண்டுதோறும் ஒட்டினேன். பூ வைத்தால் அங்கேதான் வைத்தேன். அழுதால் அங்கேதான் அழுதேன். உங்களுக்கெல்லாம் அது பேருந்துக்குக் காத்திருக்கும் இடம். எனக்கு அதுதான் கல்லறை!

போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில், இதே மாதிரி ஒரு திட்டத்தில் எங்கள் ஊருக்கு ஒரு பெண் வந்தாள். நெரேயா. பத்தொன்பது வயது. கூரை ஒழுகும் வீடுகளைச் சரிசெய்ய, மருந்து வாங்கிவர, சுவர்களுக்கு வண்ணம் பூச ஒரு வருடம் இருக்கப்போகிறாள் என்றார் தெமெனுகா. அவளுக்கு வழிகாட்டி அவர்தான். எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவர்கள் நாற்பத்து மூன்று பேர். என்னைப் பார்த்து மற்றவர்களும் அங்கேயே ஒட்ட, நிழற்குடையில் படமாய் இருந்தவர்கள் முப்பத்தொரு பேர்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை பேருந்துக்குப் போனேன். சுவர் பளபளவென்று நீலமாய் நிற்கிறது. ஒரு தாள் இல்லை, ஒரு முகம் இல்லை! கையில் தூரிகையோடு அந்தப் பெண் நிற்கிறாள், மூக்கு நுனியில் நீலச் சாயம்.

"நல்லா இருக்கா பாட்டி?" என்றாள். அப்போது அவளுக்குத் தெரிந்த நம் பாஷையே அவ்வளவுதான்.

"இங்க இருந்த தாளெல்லாம் எங்கடி?"

தெமெனுகா முகம் வெளுத்துப்போய் ஓடிவந்தார். பழைய விளம்பரம் என்று நினைத்துச் சுரண்டி எடுத்திருக்கிறாள். குப்பை வண்டி காலையிலேயே போய்விட்டது.

கை ஓங்கினேன். ஆனால் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். அதற்குப் பதிலாக, "இவ எந்த ஊரு?" என்று கேட்டேன். "ஸ்பெயின்" என்றார் தெமெனுகா.

அவ்வளவுதான். பிள்ளையையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள், இப்போது படத்தையும் எடுத்துக்கொண்டீர்களா என்று கதவைச் சாத்தினேன். அவள் முகத்தில் சாத்தினேன், மனதையும் சேர்த்துச் சாத்தினேன்.

அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? வீடு வீடாய் ஏறினாள். ஒவ்வொரு வீட்டிலும் தலைகுனிந்து நின்றாள். "யார் அவர்? என்ன பேர்? என்ன வேலை செஞ்சார்? எப்படிச் சிரிப்பார்?" என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். பழைய படங்களை வாங்கி மாவட்டத் தலைநகருக்குப் போய் அச்சடித்து வந்தாள். முப்பது தாளைத் திரும்ப ஒட்டினாள். முப்பத்தோராவது இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, புது வண்ணத்தைச் சுரண்டி வெறுமையாய் விட்டாள். அது ப்ளாமெனின் இடம். என்னிடம்தான் அவளால் படம் வாங்க முடியவில்லை.

வாரம் ஒருமுறை என் வேலிக்கதவில் ரொட்டிப் பை தொங்கும். அதைக் கோழிகளுக்குப் போட்டேன். கிரூம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "உன் கோழிங்க குண்டாயிட்டே போகுது வேலிகா, அந்தப் புள்ள எளச்சுக்கிட்டே போகுது" என்று கிண்டல் பண்ணினார். (சொன்னியா இல்லையா? சொன்னார், தலையை ஆட்டுகிறார் பாருங்கள்.)

ஜனவரி வந்தது. என் பிள்ளை விழுந்த நாள். அன்றைக்கு மட்டும் தகரப்பெட்டியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து நாள் முழுக்க மேலாடைப் பையில் வைத்திருப்பேன். முழங்கால் ஆழப் பனி. வேலிக்கு வெளியே அவள் நிற்கிறாள். அதற்குள் பேசக் கற்றிருந்தாள்.

"பாட்டி, உங்க மகன் எங்க நாட்டுல எறந்தார்னு கிரூம் தாத்தா சொன்னார். ஏதாச்சும் காகிதம் இருந்தாக் குடுங்க. நான் படிச்சுச் சொல்றேன்."

"இருபது வருஷமா படிக்காத காகிதம். நீ படிச்சு என்ன ஆகப்போகுது?"

"ஒரே ஒரு தடவை பாட்டி. குளிருது. உள்ள வரலை, இங்கயே நின்னு படிச்சிடுறேன்."

"குளிருதுன்னா உங்க ஊருக்குப் போ. அங்கதான் வெயிலாச்சே!"

கடிதம் எங்கே இருந்தது? என் பையில் இருந்தது. என் கை எங்கே இருந்தது? அதே பையில், அந்தக் கடிதத்தின் மேலேயே இருந்தது! எடுத்து நீட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லுங்கள், தாய்மார்களே, எவ்வளவு நேரம்?

நான் நீட்டவில்லை.

பிப்ரவரி போனது. மார்ச் போனது. ஜூன் மாதம், செத்தவர்களை நினைக்கும் ஆன்மாக்களின் சனிக்கிழமை வந்தது. ஊரே வேகவைத்த கோதுமையோடு கல்லறைக்குப் போனது. நான் என் கிண்ணத்தோடு நிழற்குடைக்குப் போனேன். அங்கே அவள் அந்த வெறும் கட்டத்தின் முன்னால் ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு, காற்றுக்கு அணையாமல் இரண்டு கையாலும் மறைத்தபடி நிற்கிறாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்களில் மெழுகு சொட்டுகிறது, கையை எடுக்கவில்லை.

என் பிள்ளைக்காக அந்த நாட்டில் யாரும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றவில்லையே என்று இருபது ஆண்டு புழுங்கினேன். இங்கே ஏற்றிக்கொண்டு நிற்கிறாள்!

வீட்டுக்குப் போய்க் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். "படி" என்றேன்.

மேலே நாலு வரியைச் சத்தமாய்ப் படித்தாள். ஊர்ப் பெயர், மாடத்தின் எண், எல்லாம் சொன்னாள். கீழே போனாள். அந்த ஆறு வரியில் ஒரு இடத்தை விரலால் தொட்டுத் திரும்பப் படித்தாள்.

"பாட்டி, இன்னிக்கு என்ன தேதி?"

"ஏன்டி? என்ன போட்டிருக்கு?"

கைப்பேசியை எடுத்து அந்த ஊர் மயான அலுவலகத்தைக் கூப்பிட்டாள். வேகமாய்ப் பேசினாள். பிறகு மெதுவாய்ப் பேசினாள். தரையில் உட்கார்ந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"இருபது வருஷம்தான் மாடத்துல வெப்பாங்களாம் பாட்டி. சொந்தக்காரங்க ஒரு கடிதாசி எழுதினா இன்னும் வெச்சிருப்பாங்களாம். யாரும் எழுதலைன்னா, எல்லார் எலும்பையும் போடுற பொதுக்குழிக்கு மாத்திடுவாங்களாம். மார்ச் பதினெட்டாந்தேதி மாத்திட்டாங்க."

ஜனவரியில் என் பையில் இருந்த கடிதம். ஜனவரியில் என் வேலியில் நின்ற பெண். ஒரு வரி எழுதியிருந்தால் போதும்! இருபது ஆண்டில் அந்தப் பாஷை படிக்கத் தெரிந்த ஒரே ஒரு உயிர் எங்கள் ஊருக்கு வந்தது. அதை நான் பனியில் நிற்க வைத்தேன். வேலை கொடுத்துவிட்டு ஓடிய அந்தப் பாவியைப் பொறுக்கமாட்டேன். "வழக்கமா போடுறது" என்று மடித்துக் கொடுத்த அதிகாரியையும் பொறுக்கமாட்டேன். ஆனால் என் பிள்ளையின் எலும்பை இரண்டாம் முறை தொலைத்தது யார்? நான்! கிரூம், யாரைத் திட்டப்போகிறேன் என்று இப்போது தெரிந்ததா?

(வேண்டாம், தண்ணீர் வேண்டாம். முடித்துவிடுகிறேன்.)

உறுப்பினர் அவர்களே! வண்ணம் பூசிவிட்டு, கிட்டார் வாசித்துவிட்டுப் போகிற பிள்ளைகளுக்கு எதற்குச் சட்டம் என்று பின்வரிசையில் இப்போதுகூட ஒருவர் முணுமுணுத்தார். அவருக்குச் சொல்கிறேன். சட்டம் இல்லாமல் போன பிள்ளை ஒருவனை எனக்குத் தெரியும். ஒப்பந்தம் இல்லாமல் போனான், ஓரெழுத்து இல்லாமல் மறைந்தான். இதே மாதிரிச் சட்டத்தோடு வந்த பிள்ளை ஒருத்தியையும் எனக்குத் தெரியும். அவளுக்குக் காப்பீடு இருந்தது. வழிகாட்டி இருந்தார். நவம்பரில் காய்ச்சலில் படுத்தபோது அன்றைக்கே தெமெனுகா அவள் தாயைக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றைக்கே! என் பிள்ளை விழுந்த அன்று ஒரே ஒரு தெமெனுகா அங்கே இருந்திருந்தால், நான் இன்று இந்த மேடையில் நிற்பேனா?

ஆகவே இந்தச் சட்டம் வரட்டும். விரைந்து வரட்டும். ஆனால் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். போகும் பிள்ளை எந்த நாட்டுக்குப் போனாலும், அவன் தாய்க்கு அன்றைக்கே, அவள் பாஷையிலே, கடைசி வரி வரைக்கும் சொல்ல ஒரு ஆள் இருக்கவேண்டும் என்று எழுதுங்கள். வரும் பிள்ளையின் கையில் தூரிகையைக் கொடுக்கும் முன்னால், ஊரார் அவளைத் தெருவில் நடத்திக்கொண்டு போய், யார் வீடு, யார் முகம் என்று காட்டவேண்டும் என்று எழுதுங்கள். நாங்கள் காட்டவில்லை. அவள் கிழித்தாள் என்று கோபித்துக்கொண்டோம். காட்டாதது எங்கள் குற்றம்.

செப்டம்பரில் அவள் ஊருக்குப் போனாள். ப்ளாமெனின் படத்தை அவள் கையில் கொடுத்தனுப்பினேன். என்னிடம் இருந்த ஒரே படம் அது. பதினைந்து நாள் கழித்துக் கூப்பிட்டாள்.

"பாட்டி, பொதுக்குழி இருக்கிற சுவருல ஒட்டிட்டேன். உங்க எழுத்துலயே அச்சடிச்சிருக்கேன். மழையில நனையாம மேல பிளாஸ்டிக் போட்டிருக்கேன். மயானக் காவல்காரர் என்னம்மா இது குப்பைன்னு கேட்டார்."

"நீ என்னடி சொன்ன?"

"குப்பை இல்லைங்க, இது ஒரு அம்மாவோட பிள்ளைன்னேன். கிழிக்கறதுக்கு முன்னாடி கேளுங்கன்னு கீழ எழுதியும் வெச்சிட்டேன்."

அந்தத் தாளின் இன்னொரு பிரதியைத் தபாலில் அனுப்பினாள். சுஹிப்ரெக் நிழற்குடையில் முப்பத்தொரு முகமும் இப்போது இருக்கிறது. லியுபென் அவர்களே, அந்தப் பேருந்து வாரத்தில் இரண்டு நாளாவது தவறாமல் வரட்டும். இறங்குகிறவர்கள் அவனைப் பார்க்கட்டும்.

தாய்மார்களே, வாசலருகே மேசையில் ஒரு பானை வைத்திருக்கிறேன். வேகவைத்த கோதுமை, சர்க்கரை தூவியிருக்கிறது. போகும்போது ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது நாம் எப்போதும் செத்தவர்களுக்காகச் சொல்வோமே, "கடவுள் மன்னிக்கட்டும்" என்று, அதைச் சொல்லுங்கள். ப்ளாமெனுக்காக ஒருமுறை சொல்லுங்கள். பிறகு, வாசலைத் தாண்டுவதற்குள், இந்த வேலிகாவுக்காகவும் ஒருமுறை சொல்லிவிட்டுப் போங்கள்.

பேச இடம் கொடுத்த தலைவருக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், பனியில் நின்ற அந்தப் பெண்ணுக்கும் என் நன்றி. வணக்கம்.