வாயில ஆபரேஷன்

ராமதாஸ்: பல்லு புடுங்கினதுக்கு ஒரு மாசம் எம்.சி. லீவா?

காமினி: பல்லு இல்லண்ணே. கன்னத்து உள்பக்கம் சின்னதா ஒரு கட்டி... எடுத்துட்டாங்க.

ராமதாஸ்: மாப்ள வாயத் தொறந்து சொல்லட்டும்லா.

காமினி: பேசினா தையல் இழுக்குது.

லோகேஸ்வரன்: இழுக்குது மச்சான்.

ராமதாஸ்: பேசிட்டியே! இந்தா, நாசி கண்டார் சோறு. கொழம்பு பஞ்சிரா, சோறு முங்க ஊத்தச் சொல்லி வாங்கியாந்தேன்.

காமினி: அய்யோ, காரம் பட்டா எரியும். அவருக்குக் கஞ்சிதான். அதுவும் ஆறிப்போச்சு. நீங்க வந்ததும் டாய்லெட்டுக்குப் போனீங்க, இப்பத்தான் வரீங்க.

ராமதாஸ்: போன் வந்துச்சு... ஆமா, ஏன் மாப்ள தலகாணி போட்டு ஒக்காந்திருக்க?

லோகேஸ்வரன்: நாக்காலி கெட்டியா இருக்கு.

ராமதாஸ்: இது சோபாலா.

லோகேஸ்வரன்: மச்சான், வெளிய போய் ஒரு சிகரெட் அடிச்சிட்டு வாங்களேன்.

ராமதாஸ்: விட்டுட்டேன்.

காமினி: நீங்களா? அண்ணி அழுதே விடாதவரு!

ராமதாஸ்: வெல ஏறிப்போச்சு. பேச்ச மாத்தாத. கைலிக்குள்ளேர்ந்து டியூப் தெரியுது. வாயில ஆபரேஷன் பண்ணா அங்க எதுக்கு டியூப்பு?

காமினி: அண்ணே!

ராமதாஸ்: நான் ஒன் கூடப் பொறந்தவன். நிபோங் திபால்லேர்ந்து ஆயர் ஈத்தாம் வரைக்கும் ஜாம்ல வந்திருக்கேன். பொய் கேக்கவா?

லோகேஸ்வரன்: விடு காமினி, சொல்லிர்றேன்... கன்னத்துத் தோல எடுத்தாங்க மச்சான், அது நெசம். ஆனா எடுத்தது வேற எடத்துல வச்சுத் தெக்க.

ராமதாஸ்: எங்க?

லோகேஸ்வரன்: ...ஒண்ணுக்குப் போற கொழாயில.

காமினி: சிரிக்காதீங்கண்ணே.

ராமதாஸ்: நான் எங்க சிரிச்சேன்?

லோகேஸ்வரன்: மாக் மண்டின் ஃபேக்டரியில ஏணி வழுக்கி கம்பி மேல விழுந்தேனே... காலு ரெண்டும் ரெண்டு பக்கம். தீபாவளிக்குத் தீபாவளி சொல்லிச் சிரிப்பீங்க.

ராமதாஸ்: அது ஆகி வருசக்கணக்காச்சே.

லோகேஸ்வரன்: உள்ள காயம் ஆறி தழும்பாயிருச்சு. தழும்பு கொழாய நெருக்கிருச்சு. நூல் மாதிரிதான் வரும். முக்கிக்கிட்டு நிக்கணும். முடிஞ்சிதுன்னு வெளிய வந்தா திரும்ப முட்டும். எனக்குப் பின்னாடி வந்தவன்லாம் போய்ட்டே இருப்பான்.

காமினி: நான் கல்லுன்னு நெனச்சு பார்லி தண்ணியா காச்சிக் குடுத்தேன். குடிக்கக் குடிக்க பாவம், அவருக்கு அவஸ்த.

ராமதாஸ்: எப்படிக் கண்டுபுடிச்சாங்க?

லோகேஸ்வரன்: ஒரு மிஷின்ல போகச் சொன்னாங்க. அது கோடு போடும். நல்லாருக்கவனுக்கு பினாங்கு ஹில் மாதிரி ஏறி எறங்குமாம். என்னுது பாடாங் திடல் மாதிரி தட்டையா கெடந்துச்சு.

ராமதாஸ்: அப்புறம் கீழ மருந்து விட்டு எக்ஸ்ரே எடுப்பாங்க.

லோகேஸ்வரன்: ஆமா... ஒங்களுக்கு எப்படி...

ராமதாஸ்: கேள்விப்பட்டேன்லா. மேல சொல்லு.

லோகேஸ்வரன்: மொதல்ல கேமரா விட்டு உள்ளயே கீறி விட்டாங்க. கொஞ்ச நாளு ஜம்முனு இருந்துச்சு. திரும்ப அடச்சுக்கிச்சு. இன்னொரு தடவ கீறினாலும் இதே கததான், தெறந்து தோல் வச்சுத் தெச்சிரலாம்னாரு டாக்டரு.

ராமதாஸ்: அதுக்குக் கன்னந்தான் கெடச்சுதா?

காமினி: எப்பவும் ஈரத்துலயே இருக்கற தோலாம். அங்கயும் ஈரந்தான?

ராமதாஸ்: இதப் போய் எங்கிட்ட மறைச்சியே.

காமினி: அந்த எடத்துல வியாதின்னா நம்மாளுங்க மொதல்ல என்ன கேப்பாங்க? பார்டர் தாண்டி ஹாட்யாய்ல எவகிட்டயாச்சும் போனானான்னுதான். இவரு ஃபேக்டரி ஆளுங்களோட ஒரு தடவ போய்ட்டு வந்தவரு வேற.

லோகேஸ்வரன்: சட்ட வாங்கத்தான் போனேன்.

காமினி: எனக்குத் தெரியும். அண்ணன் நம்பணுமே?

லோகேஸ்வரன்: தங்கச்சியக் கையோட கூட்டிட்டுப் போயிருவீங்களோன்னு பயந்தேன் மச்சான்.

ராமதாஸ்: நான் அப்படிக் கேப்பனா?

காமினி: நம்ம தங்கராஜு அண்ணனுக்கு அந்த எடத்துல வியாதி வந்தப்ப கல்யாண வீட்டுல எல்லார் முன்னாடியும் கேட்டது யாரு?

ராமதாஸ்: ...நான்தான். கேட்டிருக்கக் கூடாது. பாவம் அந்த மனுசன்.

காமினி: இப்பத்தான் தெரியுதா?

ராமதாஸ்: இப்பத்தான் தெரியுது... மாப்ள, வலி எங்க அதிகம்? மேலயா, கீழயா?

லோகேஸ்வரன்: நெசமா வாய்தான். கீழ பரவால்ல. அடுத்த வாரம் திரும்ப எக்ஸ்ரே பாத்து, ஒழுகலன்னா டியூப எடுத்துருவாங்க.

ராமதாஸ்: அதுக்கப்புறம் அந்த... வீட்டுக்காரம்மா விசயம்?

காமினி: நான் கஞ்சிய சூடு பண்ணப் போறேன்!

லோகேஸ்வரன்: கொஞ்ச நாள் பொறுக்கணும்னாரு. அப்புறம் பெரும்பாலும் பழையபடி ஆயிருமாம்.

ராமதாஸ்: திரும்ப அடைக்காதா?

லோகேஸ்வரன்: அடைக்கலாம். ஆனா கீறி விடறதவிட இது தாங்கும்னாரு.

காமினி: ஏண்ணே இப்படித் தோண்டித் தோண்டிக் கேக்கறீங்க? அண்ணிகிட்ட போய் ஒண்ணு விடாம ஒப்பிக்கவா?

ராமதாஸ்: ஒங்கண்ணிகிட்டயும் சிகரெட்டு வெல ஏறிப்போச்சுன்னுதான் சொல்லி வச்சிருக்கேன் காமினி... டாக்டரு என் வாயத் தொறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, மொதல்ல சிகரெட்ட விடுங்க, அப்பத்தான் கன்னத்துத் தோலு ஒதவும்னுட்டாரு.