தன் பெயரையும் சேர்த்துப் படித்தவர்

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் எங்கள் மேலாளர் நீல் அவர்களே, துணைவியாரை இழந்து நிற்கும் திரு. சில்வெஸ்டர் அவர்களே, மகள் சோஃபியா, மர்பி டவுனிலிருந்தும் லிங்கராஜபுரத்திலிருந்தும் திரண்டு வந்திருக்கும் உற்றார் உறவினர்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். நான் பாகீரதி. எங்கள் சர்வர் பிரிவின் தலைவி ஜூடித் அம்மையாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். இன்று அந்த நாற்காலி காலி.

அவருக்கு என்ன வேலை என்று உறவினர் சிலர் வாசலில் என்னைக் கேட்டார்கள். மருத்துவமனையில் நீங்கள் டோக்கன் வாங்கும்போது பின்னால் சர்வர் என்றொரு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மென்பொருளில் ஓட்டை இருந்தால் பேட்ச் போட்டு அடைப்போம். நின்றுபோனால், ஏன் நின்றது என்று தேடுவோம். தனக்கு நேர்வதையெல்லாம் அது வரி வரியாக எழுதி வைக்கும். அதற்கு லாக் என்று பெயர். அந்த லாக்கை வாய்விட்டுப் படித்தவர் எங்கள் ஜூடித் அம்மையார்!

ஆம், வாய்விட்டுத்தான். நாங்களெல்லாம் கடைசியில் சிவப்பாகத் தெரியும் வரியைப் பார்த்ததும் ரீஸ்டார்ட் செய்யக் கை நீட்டுவோம். அவர் விடமாட்டார். மேலே மேலே போய், கோளாறு எங்கே தொடங்கியது என்று அறை முழுக்கக் கேட்கும்படி ஒரு வரி விடாமல் படிப்பார். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பதுபோல் இருக்கிறது என்று கிண்டல் செய்வோம். "கோயில்ல தூங்குனா விட்டுடுவாங்க, இங்க தூங்கக் கூடாது" என்பார்.

சென்ற ஆண்டு மழைக்காலம். எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஷ்ரேயாஸ் காலையில் ஒரு பேட்ச் போட்டார். நண்பகலில் ஒரு மருத்துவமனையின் பதிவு கவுண்டர்கள் அத்தனையும் நின்றுபோயின. சர்வர் எல்லாவற்றையும் எழுதி வைக்கும் டிஸ்க்கில் துளி இடமில்லை. பழி யார் மேல் விழும்? பேட்ச் போட்டவர் மேல்தானே! அவருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அன்றே சீட்டு கிழிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. பேட்சை எடுத்துவிட்டு, லாக்கை அழித்து இடம் பண்ணி, ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார் நீல் அவர்கள். அந்த நெருக்கடியில் எந்த மேலாளரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

ஜூடித் அம்மையார் முதலில் மருத்துவமனைக்குப் போன் செய்தார். நோயாளிகளைக் காக்க வைக்காமல் கையால் சீட்டு எழுதிக் கொடுக்கும்படி கன்னடத்தில் சொன்னார். பிறகு நீல் அவர்கள் பக்கம் திரும்பினார். "அழிச்சுட்டா சர்வர் எழுந்துக்கும் சார். ஏன் விழுந்துச்சுன்னு அப்புறம் யாருக்கும் தெரியாது. கொஞ்சம் இருங்க, படிச்சுடறேன்."

படித்தார். பேட்ச் போடுவதற்கு முன்பே, விடியற்காலையிலேயே இடம் தீரப்போகிறது என்று சர்வர் எழுதி வைத்திருந்தது. இன்னும் மேலே போனார். முந்தைய வாரம் வேறொரு கோளாறைத் தேடுவதற்காக, லாக்கை மிக விரிவாக எழுதும்படி ஒருவர் மாற்றியிருந்தார். வேலை முடிந்ததும் திருப்பி வைக்க மறந்திருந்தார். அந்த லாக்கே பெருகிப் பெருகி டிஸ்க்கை அடைத்துவிட்டது. மாற்றியவர் பெயர் அடுத்த வரியில் இருந்தது.

குரல் ஒரு கணம் நின்றது. அந்த ஒரு வரியை அவர் தாண்டியிருந்தால் யாருக்குத் தெரியும்? திரை அவர் முன்னால் இருந்தது. நாங்கள் காதால்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் தாண்டவில்லை. மற்ற வரிகளைப் படித்த அதே குரலில், ஜூடித் என்று தன் பெயரைப் படித்தார். "நான்தான் திருப்பி வைக்காம விட்டுட்டேன். ஷ்ரேயாஸ் பேட்ச்ல ஒண்ணும் இல்ல சார்" என்றார். அந்த ஆண்டு அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி எங்களிடம் அவர் மூச்சு விட்டதில்லை. ஷ்ரேயாஸ் இன்று நிரந்தர ஊழியர். அதோ, கடைசி வரிசையில் நின்று அழுகிறார். அழட்டும்.

அதற்குப் பிறகு, பழைய லாக் தானாகவே அழிந்துபோகும்படி அவரே ஓர் ஏற்பாடு செய்தார். அன்பர்களே, அந்த ஏற்பாட்டின்படி இன்னும் சில வாரங்களில், அவர் கடைசியாகச் செய்த வேலைகளோடு பதிந்திருக்கும் ஜூடித் என்ற பெயரும் எங்கள் சர்வரிலிருந்து அழிந்துவிடும். நினைவாக அந்த வரிகளை மட்டும் நிறுத்தி வைக்கலாமா என்று நீல் அவர்கள் கேட்டார். வேண்டாம் என்றோம். டிஸ்க்கை அடைத்து வைத்தால் அவருக்குக் கோபம் வரும்.

அவர் தயார் செய்து வைத்த பேட்ச் ஒன்று காத்திருக்கிறது. வரும் சனிக்கிழமை அதை ஷ்ரேயாஸ் போடுவார். லாக்கை நான் வாய்விட்டுப் படிப்பேன். அம்மா, உங்கள் படத்தின் முன் நின்று உங்கள் சர்வர் பிரிவு சொல்கிறது: ரீஸ்டார்ட் செய்யும் முன் படிப்போம். மேலே போய்ப் படிப்போம். எங்கள் பெயர் வரும் இடத்தில் எங்கள் குரலும் ஒரு கணம் நிற்கும். நின்றாலும் படிப்போம்.