உறைந்த சப்பாத்து தொடர்பாகச் சற்குணம் சொன்னது

பெயர் கந்தையா சற்குணம். வயது அறுபத்தேழு. பிறந்த இடம் கரவெட்டி. தற்போது இருப்பது லண்டன் வெம்பிளியில், மகள் தயாளினியின் வீட்டில். தையல் இயந்திரம் திருத்தும் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம், மிச்சம் நானாகப் படித்தது. 2009 ஏப்ரல் 21 காலை பத்தரை மணிக்கு, பொலிஸ் அதிகாரி முன்னிலையில், மொழிபெயர்ப்பாளர் ஜெயகௌரி எழுத இதைச் சொல்கிறேன். எனக்கு ஆங்கிலம் விளங்கும். தமிழில் எழுதும்படி கேட்டது நான்.

என் தம்பி யோகராஜாவின் கவனயீனத்தால் என் வலது காலில் இரண்டு விரல்கள் போய்விட்டன என்று தயாளினி முறைப்பாடு செய்திருக்கிறாள். அது நிலைத்தால் அவருடைய காட்டுப் பயண வழிகாட்டி அனுமதி பறிபோகும் என்று அறிகிறேன். அவருக்கு வேறு தொழில் இல்லை.

மேற்படி யோகராஜா 1987 முதல் நோர்வேயின் வட கோடியில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்து, அந்த இடத்து ஆட்களிடம் காட்டில் பிழைக்கும் முறைகளைப் பழகி, பிறகு லண்டனுக்குக் குடிவந்தவர். வருடத்தில் இரண்டு தடவை எட்டுப் பேரை அந்தக் காட்டுக்குக் கூட்டிப்போய், நெருப்பு மூட்டவும், கிளைகளால் குடில் கட்டவும், பனியை உருக்கிக் குடிக்கவும் படிப்பிக்கிறவர். 1998இல் எனக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்து லண்டன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஊரில் எங்கள் அம்மா காலமானார். யோகராஜாவுக்கு அன்றே தெரியும். எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் சொன்னார். மூத்த மகன் நான். அம்மாவை எரித்த நேரத்தில் நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜெலி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதன் பின் பதினொரு வருடம் அவருடன் நான் பேசவில்லை.

இந்த ஜனவரியில் ஆர்ச்வே முருகன் கோயிலில் அவருடைய பயண அறிவித்தலைக் கண்டேன். அந்த ஆள் என்னத்தைப் படிப்பிக்கிறார் என்று பார்ப்பதற்காகவே பெயர் கொடுத்தேன். மகள் மறித்தாள், நான் கேட்கவில்லை. டொக்டரின் கடிதம் இல்லாமல் என்னைச் சேர்க்க முடியாது என்று யோகராஜா எழுதி அனுப்பினார். அதையும் வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 15ஆம் திகதி காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். குடிலுக்கு மூன்று பேர் என்று சீட்டுப் போட்டதில் எனக்கு யோகராஜாவும், வால்தம்ஸ்டோவில் கடை வைத்திருக்கும் மன்னார்க்காரர் அருள்நேசனும் வந்தார்கள். யோகராஜாவுக்கு நான் சொல்ல வேண்டியதை அருள்நேசனிடம் சொன்னேன்.

"அருள், இந்தத் தடி எரியுமோ எண்டு அந்த ஆளிட்டைக் கேளும்."

இரண்டு முழம் தள்ளி இருந்த யோகராஜா, "அருளண்ணை, அது பச்சைத்தடி, புகைக்கத்தான் செய்யும் எண்டு பெரியவரிட்டைச் சொல்லுங்கோ" என்றார்.

"நான் என்ன ரெலிபோன் எக்ஸ்சேஞ்சோ?" என்று அருள்நேசன் கேட்டார்.

அன்று பின்னேரம் யோகராஜா எல்லோரையும் கூட்டி, சப்பாத்துகளைப் பையில் போட்டு, படுக்கும் பைக்குள் காலடியில் வைக்க வேண்டும், வெளியே விட்டால் விடியக் கல்லாகிவிடும் என்று இரண்டு தரம் சொன்னார். இரண்டாம் தரம் என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு நன்றாகக் கேட்டது.

அதன் பின் நான் குடிலுக்குள் குனிந்தபோது, அவர் தலைமாட்டுக் கிளையில் அம்மாவின் படம் செருகியிருந்ததைக் கண்டேன். அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம். அம்மா இருக்கிற இடத்துக்குள் சப்பாத்தைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. வெளியே கழற்றி, சோடியாக, மரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுப் படுத்தேன். மற்றக் குடில்களைப் பார்த்துவிட்டு வந்த யோகராஜா, பெரியவர் சப்பாத்தை உள்ளே எடுத்தவரோ என்று அருள்நேசன் மூலம் கேட்டார். ஓம் என்றேன். அது பொய். அதை அப்படியே எழுதச் சொன்னேன், எழுதப்பட்டுள்ளது.

விடிய எல்லோருக்கும் முதல் எழும்பிப் போய்ப் பார்த்தேன். சப்பாத்துகள் இரும்பாகியிருந்தன. ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்வதென்றால் அவரிடம் சொல்ல வேண்டும். தட்டி நெரித்துக் காலை நுழைத்துக்கொண்டு மற்றவர்களோடு நடந்தேன். முதலில் வலித்தது. அதன் பின் வலி நின்றது, நல்லது என்று நினைத்தேன். ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம் நடந்தபின் பாதம் இருப்பதே தெரியாமல் விழுந்தேன்.

தம்பி ஓடி வந்து சப்பாத்தின் நாடாவைக் கத்தியால் அறுத்துக் கழற்றினான். விரல்கள் மெழுகு போல் வெள்ளையாக இருந்தன. ரேடியோவில் ஆட்களைக் கூப்பிட்டுவிட்டு, என் முன்னால் பனியில் இருந்து, தன் ஜக்கெற்றைத் திறந்து, உடுப்பை உயர்த்தி, என் இரண்டு பாதங்களையும் வெறும் வயிற்றில் வைத்து மூடினான்.

"விடடா என்ரை காலை!" என்றேன். பதினொரு வருடத்தில் அவனிடம் நான் நேரே பேசிய முதல் சொல் அது.

"பேசாமல் இருங்கோ அண்ணை."

"காலாலை உன்னை மிதிக்கச் சொல்லுறியோ?"

"சின்னனிலை மிதிச்சனீங்கள்தானே. இப்பவும் மிதியுங்கோ."

அருள்நேசன், எக்ஸ்சேஞ்சைப் பூட்டியாச்சு என்று சொல்லிவிட்டு அங்கால் போய் நெருப்பு மூட்டினார்.

பனியில் ஓடும் ஸ்நோ ஸ்கூட்டர் வர நாற்பது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் தம்பி அசையவில்லை. இடையில், "அந்த மூண்டு நாளும் உங்கடை டொக்டருக்குப் போன் எடுத்தனான் அண்ணை. இண்டைக்குச் சொல்லலாமோ, நாளைக்குச் சொல்லலாமோ எண்டு" என்றான். சொல்லாமல் விட்டது பிழைதான் என்றேன். ஓம் அண்ணை, பிழைதான் என்றான். வயிற்றில் வைத்திராவிட்டால் பாதம் முழுவதும் போயிருக்கும் என்று அங்குள்ள டொக்டர் சொன்னார்.

மகள் என்மேல் உள்ள அன்பில் முறைப்பாடு செய்தாள். அவளிடம் சப்பாத்து விஷயத்தை நான் மறைத்திருந்தேன். நேற்றுத்தான் சொன்னேன்.

தம்பியோடு மனத்தாங்கல் தீர்ந்ததா என்று அதிகாரி கேட்டார். அது இந்த முறைப்பாட்டில் இல்லை என்றேன்.

சேர்க்க வேறு ஏதும் உண்டா என்று கேட்டார். உண்டு. முறைப்பாட்டில் காயம் என்ற இடத்தில் என் விரல்கள் மட்டும் எழுதப்பட்டுள்ளன. ஸ்கூட்டரில் என்னை ஏற்றியபோது தம்பியின் வயிற்றில் என் இரண்டு பாதங்களின் அளவுக்குத் தோல் சிவந்திருந்தது. அவன் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. அதையும் காயம் என்ற இடத்தில் எழுத வேண்டும்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், பிறகு நானும் ஒருமுறை வாசித்தேன். இதில் உள்ளது நடந்தது, நடந்தது இதில் உள்ளது. ஒருவருடைய சொல்லுக்காகவும் நான் இதைச் சொல்லவில்லை.

(ஒப்பம்) க. சற்குணம்