நூத்திப் பன்னிரண்டாம் பக்கம்

— அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுட்டுத் துடைங்க அக்கா.

— மொத்தப் பலகையும் துடைக்கணும்னு உத்தரவு, எடைக்காரரே. சாயங்காலம் புது மேனேஜர் இதுல ஷிப்ட் பட்டியல் ஒட்டப் போறார்.

— சாயங்காலம்தானே. இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு.

— உங்களுக்கு இருக்கு. எனக்கு இந்தச் சாப்பாட்டு அறையை முடிச்சா மாடிப்படி இருக்கு, ரெண்டு கழிவறை இருக்கு.

— மேல தலைப்பைத் துடைச்சுக்கிட்டே இருங்க. ‘இப்போ என்ன படிக்கிறீங்க?’ பெரிய பெரிய எழுத்து. நேரம் ஆகும்.

— நல்லா வேலை வாங்குறீங்க... பழைய மேனேஜரம்மா எழுதினது. பாவம், ஆசையா ஆரம்பிச்சாங்க. பார்சல் ஆபீஸ்ல மூட்டையைத் தவிர ஏதாவது பேசுங்கன்னு. முதல் வாரம் பலகை கொள்ளல, ஞாபகம் இருக்கா?

— இருக்கு. லாரி டிரைவர் ‘பொண்டாட்டி முகம்’னு எழுதினாரே.

— மூட்டை தூக்குறவர் ‘இருமல் மருந்து பாட்டில்’னு எழுதினார். அப்புறம் ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. அந்தம்மாவும் மாற்றலாகிப் போயாச்சு. நீல மையும் சிவப்பு மையும்தான் மிச்சம்.

— நீல மை நான்.

— அது ஆபீசுக்கே தெரியும்.

— சிவப்பு மை யாருன்னுதான் தெரியல. அதுக்குத்தான் அந்த வரியை விடச் சொல்றேன். திங்கக்கிழமை ஒண்ணு கேட்டு எழுதினேன். எப்பவும் மறுநாளே பதில் வந்துடும். இன்னைக்கு வெள்ளி...

— என்ன கேட்டீங்க?

— அதோ இருக்கே. ‘மூணு சாவிக்காரி. பக்கம் 112. மூணாவது சாவி எந்தக் கதவுக்கு? உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.’

— புத்தகத்தைப் புரட்டினாத் தெரியப்போகுது. இதுக்கு எதுக்குப் பலகை... துணி மேசையில இருக்கட்டும், பெருக்கணும், கொஞ்சம் காலைத் தூக்குங்க.

— அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணா இருக்குமோ?

— அதுக்குப் போனை விட்டா உலகமே கிடையாது. ஏன், பொண்ணா இருந்தா மாப்பிள்ளை ஆகிடலாம்னு பார்க்கிறீங்களா?

— சும்மா இருங்க அக்கா. நாப்பத்தாறு வயசுல...

— சரி, கேஷியரா இருக்கும்.

— அவர் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். இது குண்டு குண்டா, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்து மாதிரி. அழகா இருக்கு.

— ...அழகாவா இருக்கு?

— ம். ஒவ்வொரு எழுத்தையும் யோசிச்சு யோசிச்சு வச்ச மாதிரி.

— யாரா இருந்தா என்ன? நீங்களும் அந்தப் புத்தகம் படிக்கிறீங்க, அவங்களும் படிக்கிறாங்க. அவ்வளவுதானே.

— அவ்வளவு இல்ல அக்கா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க... அப்படி ஒரு புத்தகமே கிடையாது. நானாக் கட்டிவிட்டது.

— எதுக்குய்யா அப்படி?

— பதினோரு வருஷமா எடை மேடையில உட்கார்ந்திருக்கேன். வர்றவங்க எல்லாரும் கேட்கிறது ஒரே கேள்விதான். ‘எத்தனை கிலோ?’ வீட்டுக்குப் போனா அதைக் கேட்கவும் ஆளில்ல. திடீர்னு ஒரு பலகை, ‘என்ன படிக்கிறீங்க’ன்னு கேட்குது. ஒண்ணுமில்லைன்னு சொல்ல மனசு வரல.

— அதுக்காக...

— வாய்க்கு வந்த ஒரு பேரு எழுதினேன். ஒரு பொம்பளை, ரெண்டு கதவு, கையில மூணு சாவி. அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல. மறுநாள் வந்து பார்த்தா கீழே சிவப்புல, ‘நானும் அதான் படிக்கிறேன். பக்கம் 34. அவ ஏன் யார்கிட்டயும் பேசறதில்ல?’

— நல்ல கேள்விதான்.

— இல்லாத புத்தகத்துல முப்பத்துநாலாம் பக்கம் அக்கா. முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் வீட்டுக்குப் போய் முப்பத்தஞ்சாம் பக்கத்தை யோசிச்சேன். கேட்டவங்களுக்குப் பதில் சொல்லணும்ல. சாவி தொலைஞ்சு போச்சுன்னு எழுதினா, ‘பழைய செருப்புக்குள்ள தேடச் சொல்லுங்க’ன்னு சிவப்பு. ரெண்டு மாசமா இதே பொழப்பு. காய்ச்சல் வந்தப்பகூட லீவு போடல.

— தெரியும். மூக்கை உறிஞ்சிக்கிட்டே வந்தீங்க. துடைச்சுப் போட்ட காகிதம் ஒரு கூடை, நான்தான் அள்ளினேன்.

— யாரோ எனக்காகப் பொய் சொல்லியிருக்காங்க. அது யாருன்னு தெரியாமலே பலகை போயிடுச்சுன்னா... அக்கா, காலையில நீங்கதானே முதல்ல வந்து திறக்கிறது? யாராவது எழுதறதைப் பார்த்திருப்பீங்க.

— நான் வரும்போது இங்க யாரும் இருக்கிறதில்ல.

— சாயங்காலம் பூட்டுறப்போ?

— பூட்டுறதும் நான்தான். அப்பவும் யாரும் இல்ல.

— அப்போ பேய் வந்தா எழுதிட்டுப் போகுது?

— இருக்கலாம். நகருங்க, உங்க மேசைக்குக் கீழே பெருக்கணும்.

— ...அது என்ன சத்தம்?

— எது?

— இப்போ நீங்க குனிஞ்சப்போ. ஜல்லுன்னு.

— இடுப்புச் சாவி. பதினோரு வருஷமா உங்க காலடியில குனிஞ்சு பெருக்குறேன். இன்னைக்குத்தான் காதுல விழுதா?

— இல்ல... தினமும் கேட்டிருக்கேன். அதைக் கேட்டுக்கிட்டேதான் சாப்பிட்டிருக்கேன். எத்தனை சாவி அக்கா அது?

— வெளிக் கேட்டுக்கு ஒண்ணு. இந்த அறைக்கு ஒண்ணு.

— மூணு தொங்குதே.

— ...அதான் நூலகத்துக்குப் போனேன். பஸ் ஸ்டாப் பக்கத்துல இருக்கே, அது. என்னைப் பத்தி யாரோ புத்தகம் போட்டுட்டாங்கன்னு பயம். அங்க இருந்தவர் கம்ப்யூட்டர்ல தட்டித் தட்டிப் பார்த்துட்டு, அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னுட்டார்.

— எப்போ போனீங்க?

— நீங்க எழுதின அன்னைக்கே. மறுநாள் காலையிலதான் முப்பத்துநாலாம் பக்கம்.

— இல்லைன்னு தெரிஞ்சுமா... அக்கா, நீங்க எழுதுவீங்கன்னே எனக்கு...

— எட்டாவது வரைக்கும் படிச்சேன். யாரும் கேட்கல, நானும் சொல்லல. பலகையைத் துடைக்கிறவ அதுல எழுதமாட்டான்னு நினைச்சிருப்பீங்க.

— தப்புதான். அத்தனை பேரையும் நினைச்சேன்... உங்களை நினைக்கல.

— விடுங்க. அழகா இருக்குன்னு சொல்லிட்டீங்களே, அது போதும்.

— அப்போ திங்கக்கிழமை கேட்டதுக்கு மட்டும் ஏன் பதில் எழுதல?

— நாலு நாளாப் பேனாவைத் திறக்கிறேன், மூடுறேன்.

— கஷ்டம்னா வேண்டாம் அக்கா. கதைதானே. நானே ஏதாவது ஒரு கதவை வச்சு முடிச்சிடறேன். இந்தாங்க துணி... அந்த வரியையும் துடைச்சிடுங்க.

— இருங்க. துடைக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். நூத்திப் பன்னிரண்டாம் பக்கம். மூணாவது சாவி அவ மகன் வீட்டுது. அவன் பூட்டை மாத்தி நாலு வருஷம் ஆச்சு. இவதான்... நடக்கும்போது மூணும் சேர்ந்து சத்தம் போட்டா, தன்கூட யாரோ வர்ற மாதிரி இருக்குன்னு, கழட்டாம வச்சிருக்கா.